இருபரிமாணத் திண்மங்களின் உருகலும் கணனியின் சான்றும்

திண்மம், திரவம், வாயு எனச் சடப்பொருளின் அவத்தைகள் மூன்றென்றே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் கற்கின்றோம். துணிக்கைகள் ஒரு தளத்தினுள் மட்டும் அடங்கும்போது இப்பகுப்புப் போதாது.

இருபரிமாணத்தில் வெப்ப அதிர்வுகள் நீள்தூர ஒழுங்கைக் குலைத்துவிடும் என 1930களிற் பையர்ல்சும் லண்டாவும் வாதிட்டனர். ஆயினும் 1962இல் ஆல்டரும் வெயின்றைற்றும் 870 வன்தட்டுகளைக் கணனியில் மோதவிட்டபோது திண்மமும் திரவமும் வேறாகத் தோன்றின. சாலகத்தின் வரிசைப் பிறழ்வுகள் சோடியாகப் பிணைந்திருக்குமளவும் திண்மம் நிலைக்கும். அவை பிரியின் உருகும் என 1973இற் கொஸ்ரர்லிற்சும் தௌலெசும் விளக்கினர். உருகலின் இடையே, இடவொழுங்கை இழந்தும் திசையொழுங்கைப் பேணும் எக்சாற்றிக் அவத்தை உண்டென ஹல்பெரின், நெல்சன், யங் ஆகியோர் 1978-79இற் காட்டினர். 2011இற் பேர்னாட்டும் கிறவுத்தும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கணித்து, நீண்ட விவாதத்தைத் தெளிவாக்கினர்: திண்மம் எக்சாற்றிக்காகத் தொடர்ச்சியாக மாறுகின்றது, எக்சாற்றிக் திரவமாவதோ திடீரெனவே.

இம்முறையின் வேர் லொஸ் அலமொசில் உள்ளது. ஐதரசன் குண்டுக் கணிப்புகளுக்குப் பயன்பட்ட மானியக் கணனியிலேயே 1953ஆம் ஆண்டின் ஆய்வில் 224 தட்டுகள் எழுமாறாக நகர்த்தப்பட்டன. அதற்கான நிரலை எழுதியவர் அரியானா றோசன்புளூத் என்னும் பெண் பௌதிகவியலாளர். ஐவர் எழுதிய கட்டுரையாயினும் முறை மெற்றோபொலிஸ் ஒருவரின் பெயராலேயே வழங்கலாயிற்று.

கருவி போரின் நிழலிற் பிறந்ததால் முடிபு பொய்யாவதில்லை. முடிபு மெய்யாதலால் மறைக்கப்பட்ட உழைப்பு நியாயமாவதுமில்லை. விஞ்ஞான வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே பதிதல் வேண்டும்.