நியூயார்க்கின் காற்றும் கியூபெக்கின் பனியும்

1998 ஜனவரி 5 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உறைமழை தொடங்கியது. விட்டுவிட்டுப் பல நாள் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகியது. பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்தன, மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. கடுங்குளிரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். சிலருக்குச் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. மொன்றியலுக்குத் தெற்கே மோந்தெரேஜி வட்டாரத்தில் சிலர் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள்; அவர்களை வைத்துப் பின்னர் ஓர் ஆய்வு நடந்தது.

அதே ஆண்டில்தான் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரெடெரிகா பெரேராவின் தலைமையில், வட மன்ஹாட்டனிலும் தென் பிராங்ஸிலும் வசித்த கறுப்பின, டொமினிக்கக் கர்ப்பிணிகளைத் தங்கள் ஆய்வில் சேர்க்கத் தொடங்கினார்கள். அங்கே புயல் எதுவும் இல்லை. பழைய அடுக்குமாடி வீடுகளும் கரப்பான்பூச்சியும், அதைக் கொல்ல அடித்த மருந்தும்தான் இருந்தன.

கருவிலிருக்கும் குழந்தையை ரசாயனம் எப்படித் தொடுகிறது, தாயின் நெருக்கடி எப்படித் தொடுகிறது என்று அறிய இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதலாவதைச் சட்டத்தின் பிரச்சினையாகவும் இரண்டாவதைத் தாயின் சொந்தப் பிரச்சினையாகவும் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பிரிவினை சரியா என்பதுதான் கேள்வி.

நியூயார்க் ஆய்வில் தாய்மார்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரண்டு நாள் ஒரு முதுகுப்பையைச் சுமந்தார்கள். பைக்குள் ஒரு சிறு பம்பு. அது அவர்கள் மூச்சுவிடும் இடத்துக் காற்றை வடிகட்டிக்குள் இழுத்துக்கொண்டே இருந்தது. இரவில் பையைக் கட்டிலருகே வைத்துக்கொண்டார்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான ராபின் வயாட்டின் குழுவினர் முதலில் ஆராய்ந்த காற்று மாதிரிகள் ஒவ்வொன்றிலும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. நம் ஊரில் வீடு கட்டும்போது கரையானுக்காக அஸ்திவாரத்தில் ஊற்றுகிறோமே, அதே மருந்துதான்.

அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். பெரியவர்களின் உடலில் இதை முறிக்க ஒரு நொதி உண்டு. பிறந்த குழந்தையிடம் அந்த நொதி மிகக் குறைவு. அதே ஆய்வில் பங்கேற்ற விர்ஜீனியா ராவ், அந்தத் தாய்மாரின் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்து அதிகம் இருந்த குழந்தைகள் 3 வயதில் வளர்ச்சிச் சோதனைகளில் பின்தங்கினார்கள். 2011-இல் வெளியான முடிவு, 7 வயதான 265 குழந்தைகளைப் பற்றியது: மருந்தின் அளவு கூடக் கூட, கேட்டதை மனத்தில் நிறுத்திக் கையாளும் நினைவாற்றலும் நுண்ணறிவெண்ணும் இறங்கின. சரிவு சில சதவீதம்தான். ஒரு குழந்தையைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நகரத்தின் குழந்தைகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பில் தனிக் கவனம் தேவைப்படுவோரின் எண்ணிக்கையே மாறிவிடும்.

இந்த ஆய்வின் நடுவிலேயே ஓர் அரசு நடவடிக்கை குறுக்கிட்டது. 2000 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உற்பத்தியாளர்களோடு செய்த உடன்பாட்டின்படி, வீடுகளில் குளோர்பைரிபாஸ் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முன்பு, மருந்து அதிகம் ஏறிய குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள். 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்தவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. எடைக்கும் மருந்துக்கும் இருந்த தொடர்பும் மறைந்துவிட்டது. எந்தத் தாயும் தன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டதால் வந்த பலன் அல்ல இது. கடையில் கிடைத்த மருந்து கிடைக்காமல் போனது, அவ்வளவுதான்.

இனி கியூபெக். கர்ப்பகால மன அழுத்தத்தை ஆராய்வதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. கவலைப்படும் இயல்புள்ள தாயின் குழந்தையும் கவலைப்பட்டால், அது கருப்பையில் வந்ததா, மரபணுவில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்று பிரிக்க முடியாது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் சூசன் கிங் பனிப்புயலில் ஒரு வழியைக் கண்டார். யார் வீட்டில் எத்தனை நாள் மின்சாரம் போகும் என்பதைத் தாயின் குணமோ வருமானமோ தீர்மானிக்கவில்லை; பெரும்பாலும் மின்கம்பி அறுந்த இடம்தான் தீர்மானித்தது. சில மாதங்களுக்குள் அவர் கேள்வித்தாள்களை அனுப்பினார். எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள், வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததா, காயம் பட்டதா, வருமானம் போயிற்றா? இவற்றை எல்லாம் கூட்டி 32-க்கு ஒரு மதிப்பெண். அந்த நாட்களை நினைத்து மனம் எவ்வளவு கலங்குகிறது என்பதைத் தனியாக வேறொரு அளவுகோலால் அளந்தார்.

இப்படிப் பிரித்து அளந்ததைத்தான் இந்த ஆய்வின் பெரிய கொடையாக நான் மதிக்கிறேன். 2 வயதிலும் ஐந்தரை வயதிலும் குழந்தைகளைச் சோதித்தபோது, அதிக இழப்பைச் சந்தித்த தாய்மாரின் குழந்தைகள் அறிவுத்திறனிலும் மொழியிலும் பின்தங்கியிருந்தார்கள். தாய் எவ்வளவு மனம் கலங்கினாள் என்பதைவிட அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு அதிகம் பேசியது. 13 வயதில் அவர்கள் ரத்தத்தைச் சோதித்தபோதும் அப்படியே. மரபணுக்களின் மேல் பதியும் ரசாயனக் குறிகள் புயலின் இழப்போடு பொருந்தின, மனவேதனையின் அளவோடு பொருந்தவில்லை. எல்லா விளைவுகளிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. வேறு சிலவற்றில் மனவேதனைக்கும் பங்கு தெரிந்தது. ஆய்வில் இருந்த குடும்பங்களும் சுமார் நூற்றெழுபதுதான். ஆனாலும், வயிற்றுப்பிள்ளைக்காரி மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டால் போதும் என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த முடிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு பாதைகளும் உடலில் சந்திக்கும் இடம் நஞ்சுக்கொடி. நெருக்கடியில் தாயின் ரத்தத்தில் ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் அப்படியே குழந்தைக்குப் போய்விடாது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது. நெருக்கடி நீண்டால் அந்தக் காவல் தளரலாம். குளோர்பைரிபாஸுக்கோ அங்கே பெரிய தடையே இல்லை.

வாழ்க்கையில் இவை தனித்தனியாக வருவதும் அரிது. நெரிசலான, கரி படிந்த தெருவில் குடியிருப்பவருக்கு வாடகைக் கவலையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரேரா போலந்தின் கிராக்கோவ் நகரில் நடத்திய ஆய்வு காட்டியது. நிலக்கரி எரிவதால் எழும் நச்சுப் புகையைக் கர்ப்பத்தில் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகளை 9 வயதில் பார்த்தார்கள். தாய் மனமுடைந்தும் இருந்த குடும்பங்களில், புகையின் தாக்கம் பிள்ளையின் நடத்தையில் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. நியூயார்க்கிலும், கர்ப்பத்தில் வீடு, உணவு, உடை ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு கண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் புகையின் பாதிப்பு நுண்ணறிவெண்ணில் கூடுதலாக வெளிப்பட்டது.

2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், குளோர்பைரிபாஸை ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தன, பல விலக்குகளோடு. தாயின் நெருக்கடிக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் அரசு அதைத் தொடவே முடியாது என்பதும் உண்மையில்லை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், ஏழைக் கர்ப்பிணிகளுக்குச் சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தருகிறது. கர்ப்பகாலத்தில் போகும் கூலியை ஈடுகட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கூலி போனதா என்பது கிங்கின் கேள்வித்தாளிலும் இருந்த கேள்வி. அந்தப் பணம் பிரசவம் முடிந்து நாளாகி வருகிறதா, தவணை தவறாமல் உரிய மாதத்தில் வருகிறதா என்பதை அலுவலகத் தாமதமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அது குழந்தையின் மூளை வளர்ச்சி பற்றிய கேள்வி.