சரிந்த முதுகின் சாட்சியம்: பழைய ஃபாஸ்ட்பேக் கார்களை அடையாளம் காணலும் சீரமைத்தலும்

பழனிக்கு அருகே, பாலாறு-பொருந்தலாறு அணையை ஒட்டிய பாலசமுத்திரத்தில் ஒரு பழைய கொட்டகையின் கதவைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தென்னை மட்டைகளுக்கும் உர மூட்டைகளுக்கும் பின்னால் ஒரு கார் நிற்கிறது. முகப்புச் சின்னம் எப்போதோ போய்விட்டது. டயர்கள் மக்கி, வண்டி கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதன் கூரை பின்கண்ணாடியோடு நின்றுவிடாமல், ஒரே வளைவாகப் பின்பம்பர்வரை வழிந்து இறங்குகிறது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் “அது அமெரிக்கப் பிளஷர்” என்பார்கள். அந்த ‘அமெரிக்க’ என்ற சொல்லைத்தான் இக்கட்டுரை சோதித்துப் பார்க்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் வண்டியின் வரலாறு அழிந்துபோகும் என்பதே இதன் வாதம்.

ஃபாஸ்ட்பேக் என்ற பெயர் அந்த வடிவத்தைவிட இளையது. பெயர் பரவியது 1950களில். வடிவமோ 1930களிலேயே வந்துவிட்டது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த கேடிலாக் ஏரோடைனமிக் கூபேயின் முதுகில் அதை முதன்முதலாகத் தெளிவாகக் காணலாம். ஹார்லி ஏர்லின் வடிவமைப்புப் பிரிவு உருவாக்கிய அந்த வண்டிக்கு 16 சிலிண்டர் எஞ்சின். மறு ஆண்டு கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ, காற்றோட்டச் சுரங்கத்தில் சோதித்த உடலோடு சந்தைக்கு வந்து விற்பனையில் தோற்றது. 1941இல் பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், கேடிலாக் ஆகிய நான்கு பெயர்களிலும் சரிந்த முதுகு வந்தது. பியூக் அதைச் ‘செடனெட்’ என்றது. 1942இல் வந்த செவ்ரலே தன் ஃப்ளீட்லைன் வரிசையில் அதற்கு ‘ஏரோசெடான்’ என்று பெயரிட்டது. ஆகவே பழைய ஆவணங்களில் ‘ஃபாஸ்ட்பேக்’ என்று தேடிப் பயனில்லை. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் ‘சலூன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. வடிவத்துக்குச் சாட்சி வண்டியின் உடல்தான்.

இத்தகைய வண்டி தமிழ்நாட்டுக்கு எப்போது வந்திருக்க முடியும்? இதற்கு ஓரளவு துல்லியமாகவே விடை சொல்லலாம். ஃபோர்டு 1926இல் இந்தியாவில் நிறுவனம் அமைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைக் கோக்கத் தொடங்கியது. காமன்வெல்த் நாடுகளுக்குள் இருந்த வரிச்சலுகையால் பெட்டிகளில் வந்த பாகங்கள் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தன. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி போருக்காக நிறுத்தப்பட்டது. இந்தியாவிலோ 1953இல் வந்த சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரை, உள்நாட்டில் படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்றது. 1954க்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. செவ்ரலே ஃப்ளீட்லைனின் கடைசி ஆண்டு 1952. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கடை வழியாக வாங்கப்பட்ட அமெரிக்க ஃபாஸ்ட்பேக் இங்கே வந்து இறங்கப் பெரும்பாலும் 1946 முதல் 1952 வரையிலான ஏழு ஆண்டுகளே கிடைக்கின்றன. அதற்குப் பிந்திய மஸ்டாங், பாராகூடா போன்ற அமெரிக்க ஃபாஸ்ட்பேக்குகள் தனிநபர் இறக்குமதியாக மட்டுமே வந்திருக்க முடியும்.

அதே ஏழு ஆண்டுகளுக்குள் சென்னையருகே இன்னொரு சரிந்த முதுகும் உருவாகிக்கொண்டிருந்தது.

1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர்ப் பக்கத்தில் அமைந்த தன் ஆலையில் முதலில் கோத்தது ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்ற பிரிட்டிஷ் வண்டியை. வேன்கார்டு 1947இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் வடிவம் முழுக்க முழுக்க அமெரிக்கச் சாயல் கொண்டது: உருண்ட பக்கங்கள், பின்சக்கரத்தை மறைக்கும் தகடு, வழிந்திறங்கும் முதுகு. நிறுவனத் தலைவர் சர் ஜான் பிளாக், வடிவமைப்பாளர் வால்டர் பெல்குரோவை லண்டன் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே உட்காரவைத்து, அங்கே வந்து நிற்கும் கார்களை வரைந்துவரச் சொன்னார் என்பது வாகன வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. டெட்ராய்ட்டின் கோடு லண்டன் தெருவில் காகிதத்தில் ஏறி, கவென்ட்ரியில் தகடாகி, வண்டலூரில் கோக்கப்பட்டு மதுரை, கோவைச் சாலைகளுக்கு வந்தது. பாலசமுத்திரத்துப் பெரியவர் அதை ‘அமெரிக்கக் கார்’ என்றால் அவருடைய கண் தவறு செய்யவில்லை. வண்டியின் பிறப்பிடம்தான் வேறு.

இரண்டையும் பிரித்தறியச் சின்னமோ நிறமோ வேண்டாம், அளவுநாடா போதும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை அளந்தால் வேன்கார்டு 94 அங்குலம். 1949 செவ்ரலே 115 அங்குலம். ‘ஸ்டெப்-டவுன்’ என்று புகழ்பெற்ற 1948 ஹட்சன் 124 அங்குலம். முதல் பாராகூடா 106, முதல் மஸ்டாங் 108. துருப்பிடித்து உருத்தெரியாமல் போன வண்டியிலும் இந்த இடைவெளி பெரும்பாலும் மாறுவதில்லை. கதவுகளை எண்ணுவதும் உதவும். வேன்கார்டுக்கு நான்கு கதவு, 1942 ஏரோசெடானுக்கு இரண்டு. 1949 செவ்ரலேயில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆண்டு சரிந்த முதுகுக்கு ‘ஃப்ளீட்லைன்’ என்றும், டிக்கி தனியே புடைத்து நிற்கும் உடலுக்கு ‘ஸ்டைல்லைன்’ என்றும் பெயர். முன்பகுதி இரண்டுக்கும் பொது. ஆகவே முகப்புக் கிரில்லை வைத்து முடிவுகட்டுகிறவர் ஏமாறுவார். வண்டியின் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும்.

பிறகு எண்கள். போருக்குப் பிந்திய செவ்ரலேயின் தொடர் எண் தகடு முன்கதவுத் தூணிலோ அருகிலோ இருக்கும். ஃபிஷர் பாடி நிறுவனத்தின் உடல்தகடு, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தடுப்புச் சுவரில் எஞ்சின் பக்கமாக இருக்கும். உடல் வகையைச் சொல்வது இந்த இரண்டாவது தகடுதான். மஸ்டாங்கில் வேலை இன்னும் எளிது: 1965 மாதிரியின் எண் 5 என்று தொடங்கும், அடுத்த எழுத்து ஆலையைச் சொல்லும், அதற்கடுத்து 09 இருந்தால் ஃபாஸ்ட்பேக், 07 இருந்தால் சாதாரண கூரை, 08 இருந்தால் மடக்குக் கூரை. 07 என்ற எண்ணுள்ள வண்டிக்கு ஃபாஸ்ட்பேக் கூரை ஒட்டி விற்ற கதைகள் அமெரிக்காவில் ஏராளம். அங்கே எண்ணைப் படிக்கும் பழக்கம் வளர்ந்ததற்கு இந்த மோசடியும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் படிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, பதிவு. திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. எனவே பழனி வட்டாரத்தில் 1950களில் ஓடிய காரின் முதல் பதிவை மதுரை ஆவணங்களில் தேட வேண்டும். உடுமலை வழியாக அன்றைய கோவை மாவட்டம் தொட்டடுத்து இருந்ததால் கோவைப் பதிவுக்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கங்களில் வரிசையாக வரும் உரிமையாளர் மாற்றங்கள், நிற மாற்றங்கள், எஞ்சின் மாற்றங்கள் ஆகியவை ஒரு கல்வெட்டைப்போலப் பொறுமையாகப் படிக்கத் தக்கவை.

மரைகளும் பேசும். அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை, பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. பம்பாயிலும் சென்னையிலும் இருப்பில் கிடைத்த போல்ட்டை அப்போதைக்கு முறுக்கிச் சமாளித்த இடங்களில் மரை தேய்ந்து வழுக்கும். அப்படி வழுக்கும் துளை எந்தப் பாகம் கழற்றி மாட்டப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அதை உடனே புதுத் தாப் போட்டு அழிப்பதற்குமுன் குறித்துவைப்பது ஆய்வாளரின் கடமை.

இனிச் சீரமைப்பு. ஃபாஸ்ட்பேக்கின் பலவீனம் அதன் அழகில்தான் இருக்கிறது. கூரையிலிருந்து வழியும் மழைநீர் முழுவதும் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பிலும் டிக்கி மூடியின் ரப்பரிலும் வந்து சேரும். ரப்பர் காய்ந்து வெடித்ததும் நீர் உள்ளே இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தேங்கும். வெளியே பளபளக்கும் முதுகுக்கு அடியில் தரைத்தகடு சல்லடையாகிக் கிடக்கும். முதலில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி முதுகு நெடுக இழுத்துப் பார்க்க வேண்டும். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சில வண்டிகளில் அது ஈயமாகவும் இருக்கலாம். டெட்ராய்ட் ஆலைகளே கூரை இணைப்புகளை ஈயத்தால் நிரப்பித் தேய்த்தன. ஆலை ஈயத்தைத் தவறாகப் ‘பழைய பட்டி’ என்று சுரண்டி எடுத்த பட்டறைகள் உண்டு.

இங்கே பழனி மலை ஒரு பாடம் சொல்லித் தருகிறது. பழனி ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், மழை மறைவான வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. 65 கிலோமீட்டர் மேலே கொடைக்கானல் 7,000 அடி. அடிவாரத்தில் நின்ற வண்டியில் வெயில் பெயிண்டையும் ரப்பரையும் சீட்டுத் துணியையும் தின்றிருக்கும், சட்டகம் தப்பியிருக்கும். மேலே மூடுபனியில் நின்ற வண்டியில் வெளித்தோற்றம் ஓரளவு நன்றாக இருந்து, கதவின் உட்புறம், கூரைத் தூண்களின் குழாய், படியடி உறை என்று காற்றுப் புகாத இடங்களெல்லாம் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். கார்புரேட்டரைப் பிரித்தால் இன்னொரு குறிப்பும் கிடைக்கலாம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே ஜெட்டில் பெட்ரோல் மிகுந்துபோகும். மலையிலேயே ஓடிய வண்டிக்குச் சிறிய ஜெட் போட்டிருக்கலாம். அப்படி ஒரு ஜெட் கிடைத்தால், அந்தக் கார் கொடைக்கானலில் வாழ்ந்ததற்கு அது ஒரு வலுவான துப்பு. ‘அளவு தவறு’ என்று அதைத் தூக்கி எறிவது பிழை.

எஞ்சினில் செவ்ரலேயும் வேன்கார்டும் முற்றிலும் வேறு உலகங்கள். செவ்ரலேயின் 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங் தனியாக வாங்கிப் பொருத்துவது அல்ல. ஒயிட் மெட்டலை உருக்கி ராடிலேயே ஊற்றி, லேத்தில் கடைந்து அளவெடுக்க வேண்டும். அந்தக் கைத்திறன் குறைந்துகொண்டே வருகிறது. வேன்கார்டின் 2,088 சி.சி. எஞ்சினோ கழற்றி மாட்டக்கூடிய ஈர ஸ்லீவ் கொண்டது. சிலிண்டர் தேய்ந்தால் போர் போட வேண்டாம், ஸ்லீவை உருவிப் புதியதைச் செருகலாம். இந்த எஞ்சின் குடும்பமே கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலும், அளவு சற்று மாறி டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. இதனால் வேன்கார்டைச் சீரமைப்பவர் உலகெங்கும் உள்ள டிராக்டர் ஆர்வலர்களின் உதிரிபாகக் கிடங்கிலும் கைவைக்கலாம். வண்டியைத் தவறாக அடையாளம் கண்டவர் இந்த வாசலைத் தட்டவே மாட்டார்.

கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. பெட்ரோல் விலை ஏறிய ஆண்டுகளில் பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றின் எஞ்சின் எடுக்கப்பட்டு டீசல் எஞ்சின் ஏறியது. சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியபின் இதற்கு வழி எளிதானது. கொட்டகையில் கிடைத்த ஃபாஸ்ட்பேக்கில் அப்படி ஒரு எஞ்சின் இருந்தால் என்ன செய்வது? 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விண்டேஜ்’ தகுதியையும் ‘விஏ’ எழுத்துள்ள தனி எண்ணையும் தருகின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

போலிகளைத் தடுக்கவே இந்த நிபந்தனை, அதன் நோக்கம் நியாயமானது. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடும் உதிரிபாகப் பஞ்சமும் நிலவிய ஒரு நாட்டில், 1960களில் ஒரு காரை ஓடவைத்த மாற்றமே அந்தக் காரை இன்றுவரை காப்பாற்றிய மாற்றமும் ஆகும். உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா தன் அடையாள அட்டையில் ஆலையிலிருந்து வந்தபடி இருப்பவற்றை ஒரு வகையாகவும், அக்காலத்திலேயே மாற்றப்பட்டவற்றைத் தனி வகையாகவும், பிற்காலத்தில் மாற்றப்பட்டவற்றை வேறொரு வகையாகவும் பிரிக்கிறது. அது 2012இல் ஏற்ற டூரின் சாசனம், புதுப்பித்தலைவிடப் பாதுகாத்தலுக்கு முன்னிடம் தருகிறது. இந்திய விதியிலும் ‘அக்கால மாற்றம்’ என்றொரு வகை வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான, தேதியுள்ள எஞ்சின் மாற்றத்துக்கு அந்தச் சலுகையைத் தருவதில் ஏமாற்றுக்கு இடமில்லை. சான்று அரசு ஆவணத்திலேயே இருக்கிறது.

மாற்றுக் கருத்தும் வலுவானதே. பழங்கார்களுக்கான கான்கோர்ஸ் போட்டியின் நடுவர், ஆலைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுவார். டீசல் போட்ட ஃப்ளீட்லைன் அவருக்கு ஒரு குறைபாடு. அப்படிப் பட்டியல்படி மீட்ட வண்டிகளும் நமக்கு வேண்டும். அவை இல்லாவிட்டால் மூல வடிவம் எப்படி இருந்தது என்றே தெரியாமல் போகும். ஆனால் பட்டியல்படி மீட்பதற்கு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஃப்ளீட்லைன்கள் இருக்கின்றன. வண்டலூரில் பிறந்து பழனிச் சாலையில் முதுமையடைந்த ஒரு வேன்கார்டுக்கு அங்கே இணை கிடையாது. இங்கே முன்னுரிமை எதற்கு என்பதில் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தக் கொட்டகை வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: நகர்த்துவதற்குமுன் புகைப்படம், அளவு, எண்கள், கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு, சட்டகத்திலும் பிரேக்கிலும் உயிருக்கு ஆபத்தானவை எவையோ அவற்றை மட்டும் தயக்கமின்றி மாற்றுதல், மற்றவற்றில் துருவை நிறுத்துதல். பின்சீட்டைத் தூக்கினால் தரையில் யாரோ ஒரு டிங்கர் தார் டின்னை வெட்டித் தட்டி கேஸ் வெல்டிங் வைத்த ஒட்டுத்தகடு தெரியலாம். அதன் விளிம்பில் சுத்தியல் பட்ட பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அது உறுதியாக இருந்தால் சுத்தம் செய்து, துருத்தடுப்பு பூசி, புகைப்படம் எடுத்து, தரைவிரிப்பை அதன்மேல் திரும்ப விரித்துவிட வேண்டும்.