ஜனாதிபதியின் கையெழுத்து யாருக்காக?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

அண்மையில் பதினோராந் தர வகுப்பில் ஊவா கலகத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கெப்பெட்டிபொல திசாவை கலகத்தை அடக்க நமது ஊவாவுக்கு அனுப்பப்பட்டவர். வந்த இடத்தில் மக்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. அதே கலகத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட பிலிமத்தலாவையை ஆளுநர் பிரவுண்ரிக் கொல்லவில்லை. தண்டனையைக் குறைத்து மொரிசியஸுக்கு நாடு கடத்தினார். யார் சாவது, யார் பிழைப்பது என்பதை ஆளுநர் ஒருவரே தீர்மானித்தார்.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இப்ப அந்த அதிகாரம் ஜனாதிபதிகிட்டதானே இருக்கு? எங்க அப்பாவுக்கும் கையெழுத்துப் போடுவாரா?"

அவனுடைய பெயரும் தோட்டமும் வேண்டாம். தகப்பன் கசிப்பு வழக்கில் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வழியில்லாமல் உள்ளே இருக்கிறார். வகுப்பில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மன்னிக்கும் அதிகாரம் அரசனிடமிருந்து ஆளுநருக்கும், பிறகு மகாதேசாதிபதிக்கும், 1972க்குப் பின் ஜனாதிபதிக்கும் வந்தது. இப்போது அது 1978 அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் அதற்கு ஒரு நடைமுறையும் உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போய், பிறகு நீதி அமைச்சரின் சிபாரிசோடு ஜனாதிபதியிடம் திரும்பி வர வேண்டும். நீதிமன்றமும் தவறலாம், தண்டனை அளவுக்கு மீறிப் போகலாம் என்பதற்காக வைத்த கடைசிக் கதவு இது. கதவு இருப்பது நல்லது. அது யாருக்குத் திறக்கிறது என்பதே கேள்வி.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை 1980 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. அது அரசியல் பழிவாங்கல் என்று அன்றே பலர் சொன்னார்கள். 1986 ஜனவரி 1 அன்று ஜே.ஆர். ஜயவர்தன மன்னிப்பு வழங்கி உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். 1988 ஜனாதிபதித் தேர்தலில் அம்மையார் போட்டியிட்டார். அந்த மன்னிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் தோட்டத்து மக்களின் குடியுரிமை 1948 சட்டத்தால் பறிபோனது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை முடிய 1988, 2003 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் தேவைப்பட்டது. ஒரு தலைவிக்கு ஐந்து வருடம், ஒரு சமூகத்துக்கு ஐம்பத்தைந்து வருடம். அந்த மக்கள் ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை.

2019 மே மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம். மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் நம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு பத்து நாள்கூட ஆகவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு வருடத் தண்டனை பெற்றிருந்த ஞானசார தேரர், ஒன்பது மாதத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் மன்னிப்பில் வெளியே வந்தார்.

2020 மார்ச்சில் மிருசுவில் வழக்கின் சுனில் ரத்நாயக்க. 2000 டிசம்பரில் தங்கள் வீடுகளைப் பார்க்கத் திரும்பிப் போன எட்டுப் பேர், சிறு பிள்ளை உட்பட, கொல்லப்பட்ட வழக்கு அது. பதினைந்து வருடம் நடந்து 2015இல் மரண தண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தபோது கோட்டாபய ராஜபக்ஷ அவரை விடுவித்தார்.

அடுத்த வருடம் துமிந்த சில்வா. 2011 ஒக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாளில் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவும் வேறு மூவரும் கொல்லப்பட்டனர். துமிந்த அன்று ஆளும் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். 2016இல் மரண தண்டனை, 2018இல் மேன்முறையீடும் தோல்வி. 2021 ஜூன் 24, பொசன் போயா அன்று மன்னிப்பு. சில வாரங்களில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் பதவியும் கிடைத்தது. அதே போயா நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்ற 16 தமிழ்க் கைதிகளும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தண்டனைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது.

ஆனால் இந்தக் கதை அத்தோடு முடியவில்லை. கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகாவும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2022 மே மாதம் மன்னிப்பு இடைநிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி 17 அன்று அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 34ஆம் உறுப்புரையின் நடைமுறை பின்பற்றப்படவில்லை, ஏன் இந்த முடிவு என்பதற்கு எழுத்தில் ஒரு காரணம்கூட இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஜூனில், ரோயல் பார்க் கொலை வழக்கில் சிறிசேன கொடுத்த மன்னிப்பும் ரத்தானது. ஜனாதிபதியின் மன்னிப்பையும் கேள்வி கேட்கலாம் என்பதை ஒரு தாயும் மகளும் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நம் மார்க்கத்தில் கொலையை மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உண்டு. அவர்களைத் தாண்டி ஆட்சியாளர் தன் விருப்பத்துக்கு மன்னிக்க முடியாது. திருடிய உயர்குலப் பெண்ணுக்காக உஸாமா (ரலி) சிபாரிசு செய்தபோது நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்ட சம்பவத்தை மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். பெரியவர்களை விட்டுவிட்டு எளியவர்களைத் தண்டித்த சமூகங்கள் அழிந்தன என்பதே அங்கே சொல்லப்பட்ட எச்சரிக்கை.

இனி அந்த மாணவனுக்கான பதில். மகனே, உன் அப்பா போன்றவர்களுக்கும் மன்னிப்பு உண்டு. சுதந்திர தினத்திலும் வெசாக்கிலும் வரும் பட்டியல்களில், தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறை போனவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பார்கள். ஆனால் அங்கே உன் அப்பா ஓர் எண்ணிக்கை மட்டும்தான். அவருக்காக யாரும் ஜனாதிபதியைப் போய்ப் பார்க்க மாட்டார்கள், வெளியே வந்ததும் பதவியும் காத்திருக்காது. கருணையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மன்னிப்புக்கும் காரணத்தை எழுதி வெளியிடட்டும். கையெழுத்துப் போடும் முன் பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். இந்த இரண்டும் இருந்தால் மிருசுவில் குடும்பங்களும் ஹிருணிகாவின் தாயும் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டி வந்திருக்காது.

ஒரு வேண்டுகோள். தண்டப்பணம் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான். நமது பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் பரிபாலன சபையும், தோட்டத்துத் தலைவர்மாரும் சேர்ந்து ஒரு சிறு நிதி வைத்தால், வெசாக் பட்டியல் வரும்வரை இப்படிப்பட்ட பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. யோசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள்.