விளக்கு, வாடகை, அரசிதழ்: ஜார்ஜ்டவுனில் கல்லறைப் பாதுகாப்பின் வரலாறு, 1801–2022

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. அங்கே யாரும் அடக்கமாகவில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீது ஆண்டவர் நாகூரில்தான் அடங்கியிருக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நினைவுக்கு இங்கே ஓர் அடையாளச் சமாதி எழுப்பினார்கள். சிங்கப்பூரிலும் 1828–30 வாக்கில் இதே போன்று ஒன்று எழுந்தது. கடல் கடந்தவர்களுக்கு ஆண்டவர்தான் காவல். காவலை ஊரிலேயே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

இந்தத் தர்காவை இருநூறு ஆண்டுகளாக நிற்க வைத்தது எது என்று கேட்டால், இன்று எளிதாகக் கிடைக்கும் விடை யுனெஸ்கோ. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளை அந்த விடை விளக்கவில்லை. இந்நகரின் சமாதிகளும் வழிபாட்டிடங்களும் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளின் கீழ் பிழைத்து வந்திருக்கின்றன: முதலில் அறக்கொடை, பிறகு வாரிய நிர்வாகம், கடைசியாகப் பாரம்பரியச் சட்டம். ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டடத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு கூடியது. சமாதிக்கு அதே அளவு கூடவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள்ளேயே சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும் படகுக்காரர்களும் கூலிகளும் குடியேறினர். 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் இரண்டு நிலக்கொடைகள் நடந்தன. ஒன்று, கப்பித்தான் கெலிங் எனப்பட்ட காதர் முகைதீன் மரைக்காயர் ஒரு பள்ளிவாசலுக்காகப் பெற்ற 18 ஏக்கர். மற்றொன்று, தென்னிந்தியர் தலைவராயிருந்த பெட்டிலிங்கம் செட்டியார் குயின் தெருவில் மாரியம்மன் கோவிலுக்குப் பெற்ற மனை. அந்தக் கோவில் 1833இல் முறையான கட்டடமாக எழுந்தது. பள்ளிவாசல் நிலத்தின் பரப்பைக் கவனிக்க வேண்டும். தொழுகைக் கூடத்துக்கு 18 ஏக்கர் வேண்டியதில்லை. அடக்கத்தலம், குளம், குடியிருப்பு, கடை எல்லாம் அதற்குள் அடங்கின. கடை வாடகையில் விளக்கெரிவதும், குடியிருப்பவர்களே கந்தூரிக்கு அரிசி கொடுப்பதும் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து ஆட்களுக்குப் புதியதல்ல. சூலியா தெரு தர்காவின் சுவரைப் பார்த்தாலே இது புரியும். சுவரோடு சுவராக ஓராள் உட்காரும் அளவுக்குக் கடைகள் செருகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் வெகுகாலம் சொங்கோக் தொப்பி தைத்தார்கள். இன்றைய பாதுகாப்பு நிபுணர் இப்படிப்பட்ட கடைகளை ‘பிற்காலச் சேர்க்கை’ என்று குறிப்பெழுத வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், தர்காவின் வயிறு அதுதான்.

காதர் முகைதீன் 1834இல் இறந்தார். அவருடைய சமாதி பள்ளிவாசலுக்கு அருகே கம்போங் கோலம் தெருவில் இருக்கிறது. இதே காலத்தில் வேறு வகை அடக்கத்தலங்களும் தோன்றின. மலபாரிலிருந்து வந்த சையது முஸ்தபா இத்ரீஸ் என்பவர் டத்தோ கோயா என்ற பெயரில் மகானாகக் கொண்டாடப்பட்டார். 1840இல் மறைந்த அவருடைய கெராமாட், அதாவது மகானின் சமாதி, டிரான்ஸ்ஃபர் தெருவில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1790 முதல் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். தெருக்களைப் போட்டதும் 1818இல் புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைகளே. வணிகர்களுக்கு நாகூர் ஆண்டவர் என்றால், இவர்களைப் போன்ற உழைப்பாளிகளுக்கு டத்தோ கோயா.

நிலம் கிடைத்தது, சமாதி எழுந்தது, விளக்கு எரிந்தது. இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது இடிப்பு இயந்திரம் அல்ல, நீதிமன்றம்.

1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தின் வழியே ஆங்கிலேயச் சட்டம் பினாங்கில் நுழைந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விதி: சொத்தை என்றென்றைக்கும் விற்க முடியாதபடி கட்டிப்போடக் கூடாது, பொது அறத்துக்காக என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்படியானால் முன்னோர் சமாதியைப் பேணுவது அறமா? 1875இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற யாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ என்ற பினாங்கு வழக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு சீனப் பெண்மணி தன் உயிலில் இரண்டு காரியங்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். தமக்கும் கணவருக்கும் நினைவுச் சடங்கு நடத்த ஒரு வீடு வேண்டும். குடும்பக் கல்லறைகள் இருக்கும் தோட்ட நிலங்களை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. நீதிபதிகள் அந்தச் சடங்குகளைக் கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதில் ஏளனம் இல்லை. ஆனாலும் பயன் குடும்பத்துக்கு மட்டுமே, ஊருக்கு இல்லை என்று சொல்லி இரண்டு ஏற்பாடுகளும் செல்லாது என்று தீர்த்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் பெயரில் ஆண்டுதோறும் கந்தூரி நடத்த எழுதிவைத்த சொத்துகளும் நீரிணைக் குடியேற்ற நீதிமன்றங்களில் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டன. சூலியா தெருவில் குடும்பச் சமாதி வைத்திருந்த பெருவணிகர் முகமது நூர்தீனின் உயில் 1871இல் வழக்கானபோது, பினாங்கு முஸ்லிமின் உயிலுக்கும் ஆங்கிலேயச் சட்டமே பொருந்தும் என்று நீதிபதி ஹாக்கெட் முடிவு செய்தார்.

இதன் விளைவு நேரானது. சமாதி இருக்கும் நிலம் தலைமுறை தாண்டினால் சாதாரணச் சொத்து. வாரிசுகள் பங்கு கேட்கலாம், விற்கலாம். நார்தம் தெருவின் பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் 1794இல் அடக்கமான பிரான்சிஸ் லைட்டுக்கோ, 1807இல் இறந்த ஆளுநர் பிலிப் டண்டாஸுக்கோ இந்தச் சிக்கல் வரவில்லை. அது குடியேற்றத்தின் பொது இடுகாடு. குடும்ப உயிலை நம்பி நிற்கவில்லை. யாருக்கு ‘பொது’, யாருக்கு ‘தனி’ என்பதைச் சட்டம் நடுநிலையோடுதான் வகுத்தது என்று நம்ப எனக்குத் தயக்கம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு நேரடியாக நுழைந்தது. முகமதிய, இந்து அறநிலையங்களுக்கான 1905ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாரியத்தை உருவாக்கியது. பள்ளிவாசல் நிலமும் மாரியம்மன் கோவிலும் அதன் பொறுப்புக்கு வந்தன. அறங்காவலர் கணக்கு ஒழுங்காயில்லை என்ற புகார் ஒரு பக்கம், நகரின் நடுவே நெருக்கமாய் முளைத்த குடிசைகளை அப்புறப்படுத்தும் நகராட்சி ஆசை மறுபக்கம். பள்ளிவாசல் புதுப்பொலிவு பெற்றது: 1910இல் கட்டடக் கலைஞர் ஹென்றி ஆல்ஃபிரட் நியூப்ரானர் அதை இந்தோ-சாரசனிக் பாணியில் மாற்றியமைத்தார். இன்று அஞ்சலட்டையில் வரும் குவிமாடமும் மினாராவும் பெரும்பாலும் அக்காலத் தோற்றமே. ஆனால் பழைய 18 ஏக்கர் கரைந்தது. நிலத்தின் ஊடே பக்கிங்ஹாம் தெரு போடப்பட்டது, பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த குடிகள் விலகினார்கள். கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட பினாங்கு சூலியாக்கள் பற்றிய நூல் இந்தச் சுருக்கத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. அந்த வாரியத்தின் இந்துத் தரப்பு இன்றும் பினாங்கு இந்து அறப்பணி வாரியமாகத் தொடர்கிறது. குயின் தெரு கோவிலும் தண்ணீர்மலை முருகன் கோவிலும் அதன் பொறுப்பில் உள்ளன.

பிறகு, யாரும் திட்டமிடாத ஒரு பாதுகாப்பு வந்தது. போருக்குப் பின் ஏற்பட்ட வீட்டுப் பஞ்சத்தைச் சமாளிக்கக் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு, 1966ஆம் ஆண்டுச் சட்டமாக நீடித்தது. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளில் வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் காலி செய்யவும் முடியாது. உரிமையாளருக்கு இடித்துக் கட்டும் ஆசை எழவில்லை. பழுது பார்க்கும் ஆசையும் எழவில்லை. ஓடு ஒழுகியது, தெரு பிழைத்தது. இந்தச் சட்டம் ஒரு சமாதியையும் பெயர் சொல்லிக் காக்கவில்லை. ஆனால் விளக்கேற்றுபவரையும், தொப்பிக்காரரையும், வெள்ளிக்கிழமை பாத்திஹா ஓத வருபவரையும் நடை தூரத்திலேயே வைத்திருந்தது. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. சலுகைக் காலம் 1999 டிசம்பர் 31இல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய குடிகள் பலர் தீவின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் 2000ஆம் ஆண்டுக்கான ஆபத்துப் பட்டியலில் ஜார்ஜ்டவுனைச் சேர்த்தது தற்செயல் அல்ல.

தேசியச் சட்டங்கள் வேறு தடத்தில் வந்தன. 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் 1977இல் கார்ன்வாலிஸ் கோட்டை அரசிதழில் ஏறியது. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 2007இல் புனித ஜார்ஜ் தேவாலயம் தேசியப் பாரம்பரியமானது. வரிசையைக் கவனித்தால் கோட்டை முதலில், தேவாலயம் அடுத்து. கைதிகள் கட்டியது பாரம்பரியமாகிவிட்டது. கைதிகள் கும்பிட்டது காத்திருந்தது.

யுனெஸ்கோ எல்லை 109.38 ஹெக்டேர் மையப் பகுதியும் அதைச் சுற்றி 150.04 ஹெக்டேர் இடைப் பகுதியும் கொண்டது. உள்ளே கட்டட உயரம் 18 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இது வெறும் தாள் விதி அல்ல. பட்டியலில் ஏறுவதற்கு முன்பே அனுமதி பெற்றிருந்த உயரமான விடுதித் திட்டங்களால் 2009இல் யுனெஸ்கோ கண்காணிப்புக் குழு நேரில் வந்தது. சில திட்டங்கள் குறுகின. 2010இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் தொடங்கியது, 2011இல் மாநிலப் பாரம்பரியச் சட்டம் நிறைவேறியது, 2016இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்தது. மனைகள் முதல் வகைக் கட்டடம், இரண்டாம் வகைக் கட்டடம், காலிமனையில் எழும் கட்டடம், மாற்றுக் கட்டடம் என்று பிரிக்கப்பட்டன.

எல்லாமே கட்டடம். ஜெர்மனியின் பவேரியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாராகும் நினைவுச்சின்னப் பட்டியலை இதோடு ஒப்பிடலாம். அங்கே ஒரு சிற்றூரின் பட்டியலில்கூட தேவாலயத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் அடுத்து, வயல் ஓரத்துக் கற்சிலுவையும் தனிக் கல்லறையும் தத்தம் முகவரியோடு இடம்பெறுகின்றன. சிலுவையைச் சுற்றி நகரம் எதுவும் வேண்டியதில்லை. பினாங்கில் பாதுகாப்பு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பது பிழைக்கும், வெளியே இருப்பது தனியாகப் போராட வேண்டும்.

அந்தப் போராட்டம் எப்படி முடியும் என்பதை 2022 காட்டியது. பூலாவ் திக்குஸ் பகுதியில் பாகான் ஜெர்மாலில், ஹாய் சான் ரகசியச் சங்கத்தின் தலைவரும் ஈயச் சுரங்க அதிபருமான கப்பித்தான் சுங் கெங் குயியின் மனைவி ஃபூ தெங் நியோங்கின் சமாதி இருந்தது. அரைவட்டக் கைகளை விரித்த, ஏறத்தாழ 140 ஆண்டுப் பழைய பெருங்கல்லறை. உலகப் பாரம்பரிய எல்லைக்கு வெளியே, தனியார் நிலத்தில். பாரம்பரிய அமைப்புகள் குரல் கொடுத்தும், கட்டுமானத்துக்காக அது அகற்றப்பட்டது. அரசிதழில் அது பதிவாகியிருக்கவில்லை. அண்டை மாநிலமான கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் சண்டி 2013இல் இடிக்கப்பட்டபோதும் சொல்லப்பட்ட காரணம் இதுவே. அது ஆயிரம் ஆண்டுப் பழைய கோவில் அடித்தளம்.

2022ஐயும் 1875ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. குடும்பக் கல்லறை நிலத்தை நிரந்தரமாக விலக்கி வைக்கக் குடும்பத்துக்கு உரிமை இல்லை என்று அன்று நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையை 2005, 2011 சட்டங்கள் அரசுக்குக் கொடுத்தன. அரசு அதைப் பயன்படுத்தாவிட்டால் கல்லறையின் நிலை 1875இல் இருந்ததேதான்.

பயன்படுத்த வேண்டுமானால் எவையெவை இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். கிறிஸ்தவ இடுகாடுகளுக்கு இந்த வேலையை ஆலன் ஹார்ஃபீல்ட் 1987இலேயே செய்துவிட்டார். பினாங்கு, பேராக் கல்லறை வாசகங்களைத் தொகுத்த அவருடைய நூல் இன்றும் கைக்குதவுகிறது. எல்லைக்கு வெளியே உள்ள முஸ்லிம், இந்து, சீனக் குடும்பச் சமாதிகளுக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும். அதற்குத் தொடங்குமிடம் அந்தப் பழைய வழக்கறிக்கைகளே. எந்தத் தோட்டத்தில் யார் கல்லறை, எந்தக் கடை வாடகை எந்தக் கந்தூரிக்கு என்பதை உயில் எழுதியவர்களே வரிவிடாமல் சொல்லியிருக்கிறார்கள். செல்லாது என்று தள்ளுவதற்கு முன் நீதிபதிகள் அதைப் படியெடுத்தும் வைத்திருக்கிறார்கள்.