புது கோச் ஸ்டைலை மாத்துறாரா? ஸ்கோரை மட்டும் பார்க்காதீங்க!

சேரம்பாடியிலிருந்து கூடலூருக்கு பஸ் ஏறி காலேஜ் போறவரா நீங்க? உங்க டீமுக்குப் புது கோச் வந்து, ஆடுற ஸ்டைலையே மாத்திட்டாரா? ரெண்டு மேட்ச் தோத்ததும் திட்டி ஸ்டேட்டஸ் போடாதீங்க. 2019-20 சீசன் சென்னையின் எஃப்.சி-யைப் பாருங்க.

2018-ல் கோப்பை வாங்கிக்கொடுத்தவர் ஜான் கிரிகரி. ஆனால், அந்த சீசனின் முதல் 4 மேட்ச்களில் ஒரு கோல்கூட இல்லை. டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். வேகமாக முன்னேறித் தாக்குவதுதான் அவர் பாணி. வந்த மாசமே கோவாவிடம் 3-4 என்று தோல்வி. தோத்த மேட்ச்லயும் 3 கோல், கவனிங்க! பிப்ரவரியில் கொச்சிக்கே போய் பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். (எல்லையோர பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் மன்னிக்கவும்!) செமி ஃபைனலில் கோவாவை 4-1 என ஜெயித்து, அடுத்த மேட்ச்சில் 2-4 எனத் தோற்று, மொத்தம் 6-5 என்ற கணக்கில்தான் ஃபைனலுக்குப் போனார்கள். அங்கே ஏ.டி.கே-விடம் 1-3 எனத் தோல்வி.

ஆட்களை முன்னால் அனுப்பினால் பின்னால் ஓட்டை விழத்தான் செய்யும். அதுக்காக டிஃபெண்டரைத் திட்டாதீங்க. பந்தைப் பறிகொடுத்ததும் எத்தனை பேர் திரும்பி ஓடுறாங்க, கோல் வாய்ப்பு கூடுதான்னு பாருங்க. வாய்ப்பே உருவாகலைன்னா, கோச்கிட்ட நேரா கேளுங்க. வாட்ஸ்அப் குரூப்ல வேணாம்.