றேடியமும் சிசுக்களின் செந்நிற மச்சமும்

பிறந்து சில வாரங்களில் சிசுவின் தோலில் ஒரு செம்புள்ளி தோன்றுகின்றது. சில மாதங்களுள் அது தடித்து, ஸ்ட்ரோபெரிப் பழம்போலப் புடைக்கின்றது. முதலாண்டின் பின்னர் நிறம் வெளிறி, மெல்லச் சுருங்கி, பெரும்பாலும் தானே அடங்கிவிடுகின்றது. சிசுக்களின் குருதிக்கலன் கட்டி எனப்படும் இதன் இயல்பு இதுவேயாயினும், இவ்வெளிய உண்மையை மருத்துவம் ஏற்பதற்கு நெடுங்காலம் சென்றது.

1898இல் கியூரி தம்பதியர் றேடியத்தைக் கண்டறிந்தபின் வைத்தியர்கள் அதன்மீது பெருநம்பிக்கை கொண்டனர். ஸ்டொக்ஹோமின் றேடியம்ஹெம்மெட் வைத்தியசாலையில் மட்டும் 1920 முதல் 1959 வரை 14,351 சிசுக்களுக்கு இத்தகைய கட்டிகளுக்காகக் கதிர்ச் சிகிச்சை, பெரும்பாலும் றேடியத்தால், அளிக்கப்பட்டது. கட்டிகள் மறைந்தன, பெருமை றேடியத்தைச் சேர்ந்தது. சிகிச்சையின்றியும் அவை மறைந்திருக்குமா என்பதை அறியச் சிகிச்சை பெறாத குழந்தைகளை அவதானிப்பதன்றி வேறு வழியில்லை. இங்கிலாந்தில் லிஸ்டர் என்பார் அதனையே செய்தார். விரைந்து வளரும் இம்மச்சங்கள் ஏறத்தாழ ஐந்தாம் வயதளவில் தாமாகவே மறைகின்றன என 1938இல் 'லான்செற்' சஞ்சிகையில் அவர் எழுதினார். அதன் பின்னரும் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சுவீடனில் றேடியம் பயன்பட்டமை வியப்பிற்குரியது. அவ்வைத்தியர்களைக் கொடியரெனல் பொருந்தாது. கண்முன்னே குணமாகும் நோயாளியைக் காட்டிலும் வலிய சான்று வைத்தியனுக்கு வேறில்லை.

சுவீடனின் ஒழுங்கான பதிவேடுகளே பின்விளைவை வெளிப்படுத்தின. ஸ்டொக்ஹோமில் சிகிச்சை பெற்றோரிடையே தைரொயிட்டுப் புற்றுநோய் 17 பேருக்குக் காணப்பட்டது. இஃது எதிர்பார்க்கத்தக்க தொகையின் இரு மடங்கிலும் அதிகம். மார்பகப் புற்றுநோயும் மிகுந்திருந்தது. 1930 முதல் 1959 வரை சிகிச்சை பெற்ற 3,094 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. மூளை கதிருக்கு உட்படாதோருள் 32 வீதமானோர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றிருக்க, மிகையளவு கதிர் பெற்றோருள் 17 வீதமானோரே சென்றிருந்தனர்.

பெயர்க் குழப்பமும் இத்தவறுகளுக்குத் துணைபோயிற்று. பழத்தையும் திராட்சை இரசத்தையும் ஒப்பிட்டு மச்சங்களுக்குப் பெயரிட்ட வழக்கத்தை 1982இல் பொஸ்டனில் முலிக்கனும் குளொவாக்கியும் மாற்றினர். கலங்கள் பெருகி வளர்ந்து பின் தேயும் கட்டி வேறு. பிறப்பிலேயே அமைந்து, குழந்தையோடு வளர்ந்து, ஒருபோதும் தேயாத குருதிக்கலன் உருத்திரிபு வேறு என அவர்கள் பிரித்தனர். எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருந்து பயனில்லை என்பது இதன் பின்னரே தெளிவாயிற்று.

எனினும் எல்லாக் கட்டிக்கும் காத்திருத்தல் தகாது. இமையை மூடுவது பார்வையைக் கெடுக்கும். சுவாசப் பாதையில் வளர்வது உயிருக்கே இடராகும். அத்தகையோருக்கு வழங்கப்பட்ட ஸ்டீரொயிட்டு மருந்தால் பிரான்சின் போர்தோவில் ஒரு குழந்தையின் இதயம் பாதிக்கப்பட்டது. இதயத்திற்காகப் புரொப்பிரனொலோல் கொடுக்கப்பட, மறுநாளே கட்டியின் செந்நிறம் மங்கி, அது மென்மையுற்றது. லியோத்தே-லப்ரேஸ் குழுவினர் இதனை 2008இல் அறிவித்தனர். இம்முறை ஒப்பீட்டுக்கென வெற்று மருந்து பெற்ற குழுவொன்றும் ஆய்வில் இடம்பெற்றது. 2015இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதம் உரிய அளவில் மருந்து பெற்ற சிசுக்களுள் 60 வீதமானோருக்குக் கட்டி முற்றாகவோ ஏறத்தாழ முற்றாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றோருள் 4 வீதமானோருக்கே அவ்வாறாயிற்று.