டிக்கன்ஸின் வாசிப்பு மாலைகள்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் (1812–1870) தம் கதைகளைத் தாமே மேடையில் வாசித்துக் காட்டிய நிகழ்ச்சிகள் 1853 முதல் 1870 வரை நடைபெற்றன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 470. எழுத்தாளர் தம் நூலிலிருந்து சில பக்கங்கள் படிப்பது இன்று புத்தக வெளியீட்டு விழாவின் ஒரு சிறு பகுதி. டிக்கன்ஸுக்கோ அது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. 1865இல் ஒரு நாவலை முடித்தவர், அடுத்த நாவலை 1870இல்தான் வெளியிடத் தொடங்கினார். இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பில் பெரும்பகுதி மேடைக்கே சென்றது.

தொடக்கம் அறப்பணியாக இருந்தது. 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில், ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்டுவதற்காகத் தம் கிறிஸ்துமஸ் கதையை வாசித்தார். மூன்று நாள் கழித்து அதே கதையைத் தொழிலாளர்களுக்காக மீண்டும் வாசித்தார். அன்று அவர்களுக்குக் கட்டணம் ஆறு பென்ஸ் மட்டுமே. அப்படி வைக்கச் சொன்னவர் அவரே.

தம் வருவாய்க்காக வாசிக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எதிர்த்தார். பணத்துக்காக மேடையேறுவது எழுத்தாளரின் மதிப்பைக் குறைக்கும் என்பது அவர் வாதம். டிக்கன்ஸ் கேட்கவில்லை. 1858 ஏப்ரல் 29 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின் மண்டபத்தில் முதல் தொழில்முறை வாசிப்பு நடந்தது. அவருடைய மண வாழ்க்கை முறிந்ததும் அதே ஆண்டில்தான்.

ஒரு மாலை நிகழ்ச்சி சுமார் இரண்டு மணி நேரம் நீளும். நடுவே சிறு இடைவேளை. மேடையில் அவரே வடிவமைத்த ஒரு மேசை, பின்னால் செந்நிறத் திரை, முகத்தில் ஒளி விழும்படி எரிவாயு விளக்குகள், ஒரு தண்ணீர்க் குவளை. வேறு அலங்காரம் இல்லை, உடன் நடிப்பவரும் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த மண்டபங்களில் அவர் குரல் எட்ட வேண்டியிருந்தது. கையில் இருந்தது கடையில் விற்ற புத்தகம் அன்று. அச்சுப் பக்கங்களை வெட்டிப் பெரிய தாள்களில் ஒட்டி, வருணனைகளை அடித்து, ஓரங்களில் குரலுக்கும் சைகைக்கும் குறிப்பு எழுதிய படி அது. பல நாள் பயிற்சியில் பாடம் முழுவதும் மனப்பாடமாகியிருந்ததால், அவர் அதைப் பார்ப்பதே அரிது.

1867 டிசம்பரில் அமெரிக்கப் பயணம் பாஸ்டனில் தொடங்கியது. அங்கு அயல்நாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை கிடையாது. அது 1891இல்தான் வந்தது. அவர் நாவல்களை அச்சிட்டு விற்றவர்கள் அவருக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. குரலை அப்படி அச்சடிக்க முடியாதே! சீட்டு வாங்க மக்கள் கடுங்குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்றனர். கள்ள விலையில் விற்றவர்களும் நன்றாகச் சம்பாதித்தனர். நியூயார்க்கில் கேட்ட இளம் மார்க் ட்வைன் மட்டும் ஏமாற்றமடைந்து, வாசிப்பில் உயிர் இல்லை என்ற கருத்தில் ஒரு செய்தித்தாளுக்கு எழுதினார். அந்தப் பயணம் முழுவதும் டிக்கன்ஸ் கடும் சளியால் அவதிப்பட்டார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஏறத்தாழ 19,000 பவுண்டுடன் நாடு திரும்பினார்.

அதன்பின் பணம் மட்டுமே காரணம் என்று சொல்வது கடினம். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சைக்ஸ் என்பவன் நான்சியை அடித்துக் கொல்லும் பகுதியை அவர் மேடைக்கு எடுத்தார். 1868 நவம்பரில் அழைக்கப்பட்ட சிலர் முன் ஒத்திகை பார்த்தார். அதைக் கேட்ட மூத்த மகன், மிகச் சிறப்பாக இருக்கிறது, ஆனால் செய்ய வேண்டாம் என்று தடுத்தார். ஃபார்ஸ்டரும் மேலாளர் ஜார்ஜ் டால்பியும் எதிர்த்தனர். ஆயினும் 1869 ஜனவரி 5 அன்று அது பொதுமக்கள் முன் அரங்கேறியது. கொலைகாரன், கொலையுண்டவள் இருவரின் குரலையும் ஒரே தொண்டை தாங்கியது. வாசித்து முடித்தபின் நெடுநேரம் அவரால் எழ முடியாது.

ஊர் ஊராகச் செல்ல ரயிலை விட்டால் வழியில்லை. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பியவர் அவர். அதன்பின் ரயிலில் ஏறினாலே நடுங்கினார். 1869 ஏப்ரலில் இடப்பக்கம் தளர்ந்து தலைசுற்றல் வர, பிரஸ்டன் நகர வாசிப்பு ரத்தாகிப் பயணமே நின்றது. நூறு வாசிப்புகளுக்கு 8,000 பவுண்டு என்ற ஒப்பந்தம் பாதியில் முறிந்தது.

1870 தொடக்கத்தில் பன்னிரண்டு விடைபெறும் வாசிப்புகளுக்கு மட்டும் மருத்துவர் ஃபிராங்க் பியர்ட் இசைந்தார். ஒவ்வொரு மாலையும் அவரே வந்து நாடி பார்த்தார். இயல்பாக 72 ஆக இருந்த துடிப்பு, நான்சி கொலையை வாசித்த ஓர் இரவில் 124 ஆனது. மேடையோரம் படிகள் வைக்கப்பட்டன. தந்தை தள்ளாடினால் ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ள மகன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படிகளின் காரணம் தெரிந்திருக்கும்?

மார்ச் 15 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் நடந்தது கடைசி மாலை. முதலில் கிறிஸ்துமஸ் கதை, பின்னர் 'பிக்விக்' நாவலின் நகைச்சுவையான நீதிமன்றக் காட்சி. நான்சியின் கதை அன்று இடம்பெறவில்லை. மூன்று மாதம் நிறையும் முன், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்து நடந்த அதே ஜூன் 9 அன்று, 58 வயதில் அவர் இறந்தார். எடிசன் குரலைப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கியது 1877இல். எனவே டிக்கன்ஸின் குரல் எதிலும் பதிவாகவில்லை. ஓரக் குறிப்புகள் நிறைந்த அந்த வாசிப்புப் படிகள் சில இன்றும் உள்ளன.